விலை பேசாத ரேடியோ

எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியபோது தண்ணீர் புகுந்து கெட்டது. அதனால் எதைக் கேட்பதானாலும் வலது காதோடு ஒட்டவைத்துத்தான் கேட்பேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், நடந்ததில் என் தப்பு எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

என் பெயர் சின்னண்ணன். புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே அரைமணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். ஐந்து ஏக்கர் தோட்டம், கிணறு, கரண்டு மோட்டார். ஊர்ப் பால் சொசைட்டிக்கு இரண்டு முறை தலைவராக இருந்தவன். என்னை நாலு பேருக்குத் தெரியும்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், வருஷத்துக்கு வேண்டிய புளியும் மிளகாயும் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். புளி மூட்டையை லாரி சர்வீசில் போட்டுவிட்டு, மிளகாய்ப் பையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒரு ரேடியோக் கடையில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. புருஷனுக்குப் பாலில் விஷம் கலந்து கொடுத்தாள் என்று ஒரு பெண்மேல் வழக்கு. வக்கீல் கடைசியாகக் கேட்கும் கட்டம். நான் நின்றுவிட்டேன்.

கடைக்காரர் தண்டாயுதபாணி ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப்போட்டு அதன் வயிற்றுக்குள் ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அரைப் பார்வை பார்த்தார். "வெளிய நின்னு ஏனுங்க கேக்கறீங்க? உள்ள வந்து கையில எடுத்துக் கேளுங்க. கேக்கறதுக்கு என்ன காசா பணமா?" என்றார்.

கேட்பதற்குக் காசில்லை என்று அவராகத்தான் சொன்னார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எடுத்து வலது காதில் வைத்தேன். செங்கல் அளவுதான் இருக்கும், ஆனால் நீதிபதி காதுக்குள்ளேயே உட்கார்ந்து தொண்டையைச் செருமுவது போல் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மூட்டை இறக்குகிறவர்கள் போட்ட கூச்சலில் நீதிபதி சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. சத்தம் இல்லாத பக்கமாக நாலடி நகர்ந்தேன். அங்கே ஒரு மாட்டுவண்டிக்காரன் இன்னொருவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் சத்தமில்லாத இடம் எது என்று தேடிக்கொண்டு போனால் எங்கே போய் நிற்பீர்கள்? நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். நாமக்கல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கால் பழக்கத்தில் ஏறிவிட்டது.

மல்லூர் தாண்டும்போது அந்தப் பெண் விடுதலையானாள். பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த கிழவி, "மகராசி, தப்பிச்சுட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குக் காசு கொடுக்காத ஞாபகம் வந்தது.

இறங்கித் திரும்பிப் போயிருக்கலாமே என்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் புதுச்சத்திரம் வரைக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

ஆண்டகளூர் கேட்டில் மயில்சாமி ஏறினான். என் சொந்தச் சித்தப்பன் மகன், பங்காளி. என்னைவிட நாலு வயது இளையவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி, ஒரே மீசை. தூரத்தில் பார்த்தால் எங்கள் மாடுகளே குழம்பும். அந்த வருஷம் சொசைட்டித் தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆள் யாரென்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்தவன் வாயைப் பிளந்தான். "ஏனுங்கண்ணா, ரேடியோ வாங்கிப்போட்டீங்களா! என்ன வெலைங்க?"

"வெல இன்னும் பேசுல சாமி" என்றேன். நான் பொய் பேசுகிறவன் இல்லை.

"கொஞ்சங் குடுங்கண்ணா, நா வெச்சுக்கறேன்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பஸ்ஸை விட்டு இறங்கியும் திருப்பித் தரவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு, பாட்டை உரக்க வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஊர் முனையில் டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் புகையிலை வாங்குவதற்காகப் பின்தங்கிவிட்டேன். ஆகவே அவர்கள் பார்த்தது மயில்சாமியையும் ரேடியோவையும்தான். பிறகு தோட்டத்துக்குத் திரும்பும் தடத்தில், வேலிக்குப் பக்கத்தில், அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "நல்லாப் பாடுதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கே யாரும் இல்லை.

வீட்டில் என் மனைவி சௌந்திரத்திடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் சிரித்தாள். "நாளைக்கு வெடியால மொத பஸ்ஸுக்குப் போயிக் குடுத்துப்போட்டு வந்துருங்க. இல்லீன்னா காசைக் கட்டிப்போடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை புளி என்ன ஆயிற்று என்று லாரி சர்வீசில் விசாரிக்கப் போகும்போது கொடுக்கலாம் என்றிருந்தேன். ஆனால் லாரிக்காரன் புளியை வியாழக்கிழமையே ஊருக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். ஒரு வேலையும் இல்லாமல் சேலத்துக்குப் போவது எப்படி? அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை பழநிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தேன். இது பழைய வேண்டுதல். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாடு கன்று ஈன முடியாமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. தெய்வத்தின் பாக்கியை அதற்குமேல் தள்ளிப்போட மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தண்டாயுதபாணி ஊருக்கு வந்தார். பஸ் கண்டக்டரை விசாரித்திருக்கிறார். டீக்கடையில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் மொட்டைத் தலையைப் பார்த்து, "பழநியாண்டவரா?" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

"வெள்ள வேட்டி, பச்சத் துண்டு, நல்லா முறுக்குன மீசைங்க. நா ஈயம் வெக்கிற அவசரத்துல முழுசாப் பாக்கலீங்க. ரேடியோவைக் காதுல வெச்ச மேனிக்கே போயிட்டாருங்க" என்றார்.

டீக்கடைக்காரன்தான் சொன்னான், "நம்ம மயில்சாமி ஒரு ரேடியோவைத் தோள்ல போட்டுட்டுப் போனாப்பலயே" என்று. கடைக்காரருக்கு வழி தெரியாது என்பதால் மயில்சாமி வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலாக இருந்தது. போகும் வழியில் என் வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்தேன். சௌந்திரம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மொட்டைத் தலை பிடிக்காது.

மயில்சாமி கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அட, அது அண்ணனோடதுங்க! சொல்லுங்கண்ணா!"

"எது சாமி?" என்றேன்.

அவன் சிரிப்பு நிற்கச் சிறிது நேரம் பிடித்தது. நான் விளையாடுகிறேன் என்றுதான் கடைசி வரைக்கும் நினைத்திருப்பான். அவன் மனைவி மாரக்காளுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்ப் பெரியதனம் செய்கிற மருதாசலம் நடுவில் உட்கார்ந்தார். அவர் மயில்சாமியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரேடியோ உன்ற கையில இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சுங்க. ஆனா அண்ணன் குடுத்தாருங்க."

நேர்மையான ஆட்களிடம் இருக்கிற குறையே இதுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கூட்டம் அவன் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

மருதாசலம் என் பக்கம் திரும்பினார். "சின்னண்ணா, நீ என்ன சொல்றே?"

நான் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தட்டில் எரிந்த கற்பூரத்துக்கு முன்னால் நின்றேன். "அந்த ரேடியோ என்னுதில்லீங்க" என்று சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? காசு கொடுத்திருந்தால்தானே அது என்னுடையது? பொய்ச் சத்தியம் செய்தால் கை வெந்துவிடும் என்பார்கள். எனக்குக் கொப்புளம்கூட வரவில்லை. மயில்சாமியும் சத்தியம் செய்கிறேன் என்று ஓடிவந்தான். ஒரு விஷயத்துக்கு இரண்டு கற்பூரம் ஏற்றுகிற வழக்கம் இல்லை என்று மருதாசலம் தடுத்துவிட்டார்.

கடைக்காரர் போலீசுக்குப் போவதாகக் கிளம்பினார். வேண்டாம், பணத்தை நானே கட்டிவிடுகிறேன் என்றான் மயில்சாமி. அடுத்த வாரம் ஆறு மேச்சேரி ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனான். எல்லாம் சினையாடு. ஆடு விற்கத் தெரியாதவன்; என்னிடம் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல விலைக்குத் தள்ளிக் கொடுத்திருப்பேன். பணத்தைச் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கையோடு பில்லும் வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணா, நடந்தது நடந்து போச்சு. நா யாருகிட்டயும் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். பில்லு இந்தாங்க. அதைக் குடுத்துப்போடுங்க. புள்ளைங்க பாட்டுக் கேக்குமுங்க."

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். என்னுடையது இல்லை என்று ஆத்தாள் முன்னால் சொன்ன பொருளை என் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அந்தச் சத்தியம் என்ன ஆவது? கற்பூரத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? "எங்கிட்ட இல்லாததை எப்பிடி சாமி குடுக்கறது?" என்றேன். அவன் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு, "வாரேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதும் மரியாதை குறையவில்லை. நல்ல வளர்ப்பு.

அன்றிலிருந்து கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. ரேடியோவுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. யார் கொடுத்தது என்பது வேறு விஷயம். திருட்டு என்ற சொல்லுக்கே இதில் இடமில்லாமல் போனதில் எனக்கு நிம்மதிதான். மயில்சாமி தேர்தலுக்கு நிற்கவில்லை. நான் போட்டியில்லாமல் மூன்றாம் முறையும் வந்தேன்.

ஊரில் அவனுக்கு 'ரேடியோ மயில்சாமி' என்று பெயர் விழுந்தது. நான் வைத்த பெயர் இல்லை. நான் அவனை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன் மகளைப் பார்க்கத் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு நல்ல குடும்பம் வந்தது. 'ரேடியோ' என்றால் ரிப்பேர் செய்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த மாப்பிள்ளையின் மாமன் பாடாத ரேடியோ ஒன்றைப் பையில் போட்டே கொண்டுவந்திருந்தார். ஊர் முனையில் என்னிடம்தான் வழி கேட்டார். பெயருக்குக் காரணம் கேட்டார். வெளியூர்க்காரர், பெரிய மனுஷன், கேட்கிறார். பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா? அந்தச் சம்பந்தம் அமையவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் முடிந்தது. கல்யாணத்துக்கு நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

மயில்சாமி ஆடு விற்ற வாரத்திலேயே சௌந்திரம் தன் பிறந்த வீட்டுச் சீராக வந்த ஆட்டு வழியில் பிறந்த இரண்டு பெட்டைக் குட்டிகளைப் பிடித்துக்கொண்டு போய் மாரக்காள் வாசலில் கட்டிவிட்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்டேன். "என்ற ஆடு, நா கட்டறேன்" என்றாள். எனக்குச் சோறு போடுகிறாள், துணி துவைத்துத் தருகிறாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. என் காது மந்தம் என்பதால் எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

ரேடியோவை மோட்டார் ரூமில் வைத்திருந்தேன். மோட்டார் ஓடும்போது காதோடு ஒட்டிவைத்துக் கேட்டால் வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. நாடகம் ஒரு மணி நேரம் என்றால் தண்ணீரும் ஒரு மணி நேரம் பாயும். இரண்டு நாடகம் போடுகிற நாளில் இரண்டு மணி நேரம். இப்படித் தண்ணீர் நின்று எனக்கு ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு அழுகிப்போனது. ஆகவே மயில்சாமி மட்டும்தான் நஷ்டப்பட்டான் என்று யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவு நாள் சும்மா இருந்தவன் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், என் மனதை உறுத்திக்கொண்டிருந்த ஒன்று போன வருஷம் தீர்ந்துவிட்டது. முன்பெல்லாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்சு எடுக்க வேண்டும் என்று சட்டம். ரேடியோவே இல்லை என்று சொன்னவன் எப்படிப் போய் எடுப்பது? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே மோட்டார் ரூமுக்கு ஓடி ரேடியோவைச் சாக்குக்குள் தள்ளுவேன். பல நாள் சோறு இறங்கியதில்லை. இனிமேல் லைசென்சு வேண்டியதில்லை என்று சர்க்கார் எடுத்துவிட்டதாகச் செய்தியில் சொன்னபோது, மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனுஷன் நான். ஆனால் ஏழு வருஷம் லைசென்சு இல்லாமல் ரேடியோ கேட்டேன். அது குற்றம்தான். ஒப்புக்கொள்கிறேன்.