எண்ணாமல் எடுத்துப்போன பை

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை, மணி ஐந்தரை. படகுத்துறைக்கு இறங்கும் செம்மண் பாதை... இன்று காலை நீங்கள் ஏறி வந்தீர்களே, அதேதான். அப்போது அதில் ஒரு விளக்குகூடக் கிடையாது. ஆள் நடமாட்டமே இல்லை. யோரிஸ் மட்டும் தனியாக இறங்கிக்கொண்டிருந்தான்.

யோரிஸ் என் சிநேகிதி லீஸ்பெத்தின் தம்பி. அக்காவோடு ஒரு மாதம் இருக்கலாம் என்று ஹாலந்திலிருந்து வந்தவன். இங்கே இந்த ஊர்ப் பெண் நெய்லாவைப் பார்த்தான், அப்புறம் எங்கே போவது? அன்று அவன் மகள் லுஸ் பிறந்து நாற்பது நாள். அவன் இங்கே தங்குவதற்கான அனுமதி முடிகிற கடைசி நாளும் அன்றுதான். ஆறு மணிக்குள் அக்கரை போகாவிட்டால் நாடுகடத்திவிடுவார்கள். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே தேதியை மறந்த மடையன்.

முத்திரைக் கூத்து உங்களுக்கும் தெரியும். இந்தக் கரையில் கொலம்பியாக்காரன் வெளியே போனதாக ஒன்று குத்துவான். அந்தக் கரையில் பெரு நாட்டுக்காரன் உள்ளே வந்ததாக ஒன்று குத்துவான். இரவு அங்கே தங்கிவிட்டு, காலையில் அதையே தலைகீழாகச் செய்தால் இன்னும் தொண்ணூறு நாள். எல்லோரும் எதற்கு அலைய வேண்டும்? ஒருவர் போனால் மற்றவர்களின் பாஸ்போர்ட்டும் பிளாஸ்டிக் பையில் கூடவே போகும். முகத்தை எவனும் பார்ப்பதில்லை, காலிப் பக்கம் தேடிக் குத்தித் தள்ளுவான். கொண்டுபோகிறாயா என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. வெளியூர்க்காரர்களான நமக்குள் இருக்கிற ஒரே மரியாதை அதுதான்.

துறையின் கடைசிப் படியில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது... ஒரு வாரமாக மழையே இல்லை. ஊறிப்போன தோல் செருப்பு வாடை. பாஸ்போர்ட்டை நீட்டினான்.

"தம்பி, நீ போறேல்ல... என்னோடதையும் கொண்டு போயேன்."

யோரிஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பெயரைக்கூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் படகுக்காரன் எவெலியோ பக்கத்தில் நின்று பார்த்தது. அவன் அப்போது துறைக்குப் புதிது, கிழவனை அடையாளம் தெரியாது.

அந்தக் கிழவன் ஆர்மான். யோரிஸ் வருவதற்கு முன்பே செத்தவன். பிரெஞ்சுக்காரன், இந்த வீட்டுப் பின்னறையில்தான் குடியிருந்தான். இங்கே முத்திரை வாங்கிக்கொண்டு போகும்போது நடு ஆற்றில் படகு கவிழ்ந்துவிட்டது. பிணத்தைப் புதைக்க இங்கே கொண்டுவந்தோம். "இவரு வெளிய போயாச்சே" என்றார்கள். அங்கே கொண்டுபோனோம். "இவரு இன்னும் உள்ள வரலையே" என்றார்கள். மூன்று நாள்... அந்த வெயிலில். கடைசியில் நடு ஆற்று மணல்திட்டில் புதைத்தோம். அடுத்த வெள்ளத்தில் திட்டையே காணோம். நானும்தான் மண்வெட்டி பிடித்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை ஒரே பனிமூட்டம். எவெலியோ அக்கரைக்குப் போய் ஆளை ஏற்றிக்கொண்டு வந்தான். டக்... டக்... டக் என்று மோட்டார் சத்தம் மட்டும்தான். இறக்கிவிட்டு எவெலியோ நேராக என்னிடம் ஓடிவந்தான்.

"அக்கா, படகுல ஏறுனது ஒருத்தர். இறங்குனதும் ஒருத்தர். ஆனா நேத்து நான் கொண்டுபோய் விட்டது இந்த ஆளை இல்லக்கா."

அன்று இரவு பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம்... சொட்டு. நிறுத்தி நிறுத்தி, சொட்டு. விடியும்வரை நான் அந்தக் கதவைத் தொடவில்லை. காலையில் திறந்தால், கட்டிலில் ஆர்மான். பல்லிடுக்கில் ஆற்றுமணல். சட்டைப்பையில் பாஸ்போர்ட், அதில் உள்ளே வந்த முத்திரை, மை இன்னும் காயவில்லை. முத்திரை இருக்கிறதே, யார் மறுப்பார்கள்? பாதிரியார் வந்தார், ஊர்க் கல்லறையில் அடக்கமும் ஆனது.

யோரிஸ்? எந்தக் கரையிலும் இல்லை. அன்று மாலை அக்கரைப் பதிவேட்டில் ஒரே ஒரு பெயர்தான் ஏறியிருந்தது. ஆர்மானுடையது.

அதிலிருந்து இங்கே யார் போனாலும் பையை எண்ணிவிட்டுத்தான் போவோம். ஒன்று கூடியிருந்து, அது நனைந்தும் இருந்தால், ஆற்றில் வீசிவிடுவோம். யோரிஸுடையதை நானே நான்கு தடவை வீசியிருக்கிறேன். ஒரு தடவை லீஸ்பெத் பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

போன மார்ச்சில் லுஸ்ஸுக்கு எட்டு வயது. கேக்கை வெட்டிவிட்டு அத்தையிடம் கேட்டாள். "எல்லார் வீட்டு ஆளுங்களுக்கும் கல்லறை இருக்கு அத்தை. எங்க அப்பாவுக்கு எங்க இருக்கு?"

அடுத்த முறை பையை லீஸ்பெத் எடுத்துக்கொண்டாள். இந்த வாசலில் வைத்துத்தான் கேட்டேன்.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் பனிமூட்டத்தில் யோரிஸ் இறங்கினான். அதே முப்பத்தொரு வயது. நெய்லாதான் கதவைத் திறந்துவிட்டாளாம். மகளின் கட்டிலோரம் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தான். தரை முழுக்கத் தண்ணீர். லுஸ் அவன் ஈர விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். காலையில்... அவனும் பிணம், கல்லறைக்குத்தான் கொண்டுபோனோம். இப்போது லுஸ் ஞாயிறு தவறாமல் பூ கொண்டுபோகிறாள்.

லீஸ்பெத் வரவில்லை. இருபது வருடம் என்னோடு ஒரே தட்டில் மீன் தின்றவள், தம்பி போனதிலிருந்து அந்தப் பின்னறையில்தான் படுத்தவள்.

சரி, இந்தப் பையைப் பாருங்கள். நாளை உங்களில் தோமாஸ் கொண்டுபோவதற்கு உங்கள் ஆறு பேருடையதையும் மத்தியானம் வாங்கி வைத்தேன். மூன்று தடவை எண்ணிவிட்டேன். ஏழு இருக்கிறது. அடியில் இருப்பது நனைந்திருக்கிறது... எடுக்க வேண்டாம் தோமாஸ், விடு. பெயரை நான் பார்த்துவிட்டேன். துறைவரைக்கும் கொண்டுபோனேன், வீசக் கை வரவில்லை.

தோமாஸ், நீ போகவேண்டாம். என் பாஸ்போர்ட்டையும் இதில் போட்டுக்கொள்கிறேன், நாளைக்கு நான் போகிறேன். யாராவது கேட்டால், எண்ணிவிட்டுத்தான் போனாள் என்று சொல்லுங்கள்.

நாளை மறுநாள் இரவு பின்னறையை மட்டும் பூட்டிவிடாதீர்கள். லீஸ்பெத்துக்கு அந்தக் கட்டில் பழக்கம்தான்.