பித்தளை போல்ட்

போர்ட் பிளேரில் சைக்கிள் கடை வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது சிரிக்காதவர்கள் இல்லை, ஐயா. இந்த ஊரில் சமதளமாகக் கொஞ்ச தூரம்கூட ரோடு கிடையாது. ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் வண்டி கைக்கு நிற்காது. இங்கே எவன் சைக்கிள் வாங்குவான் என்று கேட்டார்கள். ஏற்றத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஏற முடியாதவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். இறக்கத்தில் நம்பிப் போகிற மாதிரி ஒரு வண்டியைக் கொடுத்துவிட்டால் போதும், ஊரே நம் கடைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பவில்லை.

நீங்கள் தமிழ் பேசுகிறவர் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் இதை இந்தியில் எழுதிக்கொள்ளட்டும். போல்ட்டை மட்டும் போல்ட் என்றே எழுதச் சொல்லுங்கள். வேறு வார்த்தை போட்டால் விஷயம் கெட்டுவிடும்.

என் பெயர் சொக்கலிங்கம். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். ஐம்பத்து மூன்றாம் வருஷம் கப்பலேறி வந்தேன். அபர்தீன் பஜாரில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து ரிப்பேர் கடை போட்டேன். அந்தக் காலத்தில் நாலைந்து கம்பெனி வண்டிகளைக் கலந்து வைத்திருந்தேன். பிறகு மெட்ராஸிலிருந்து நீலக்குதிரை கம்பெனியின் பிரதிநிதி பன்னீர்செல்வம் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை, வாய் நிறையச் சிரிப்பு. அந்தமானுக்கே என்னை ஏஜென்ட் ஆக்குவதாகச் சொன்னார். ஆனால் வேறு கம்பெனி வண்டி ஒன்றுகூடக் கடையில் நிற்கக்கூடாது. போர்டு அவர்கள் நிறத்தில் இருக்கவேண்டும். ரிப்பேர் மேடை வாசலில் இருந்தால் வாங்க வருகிறவனுக்குச் சந்தேகம் வரும், அதனால் பின்னால் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தகரத்துக்கு நீலப் பெயின்ட் அடித்தேன். எனக்குப் பிடித்த நிறம் இல்லை, ஆனாலும் அடித்தேன்.

ஆண்கள் வண்டி கேட்டால் கூடவே பெண்கள் வண்டியும் எடுக்கவேண்டும் என்றார்கள். அதை எடுத்தால்தான் இது வரும். சேலை கட்டிய பெண்கள் சைக்கிளில் போவதை இந்த ஊர் அப்போது பார்த்ததே இல்லை. வண்டிகள் கடைக்குள் துருப்பிடித்துக்கொண்டு நின்றன. அப்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயமணி வந்தாள். புதிதாக வேலைக்கு வந்தவள், மின்னி பேயில் குடியிருந்தாள். "அண்ணே, நான் ஓட்டினா யாராச்சும் சிரிப்பாங்களா?" என்று கேட்டாள். சிரிக்கட்டும், கற்றுக்கொள் என்றேன். ஜிம்கானா மைதானத்தில் நானே பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவளைப் பார்த்து மற்ற நர்ஸுகள் வாங்கினார்கள், பிறகு டீச்சர்கள் வாங்கினார்கள். கம்பெனி என் தலையில் கட்டியதை இப்படித்தான் விற்றுத் தீர்த்தேன்.

இனி போல்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டிகள் பெட்டிகளில் பிரித்துப் போடப்பட்டு வரும். சாத்தம் ஜெட்டியில் இறக்கி, கடைக்குக் கொண்டுவந்து நான் பூட்டுவேன். முன் பிரேக்கின் கம்பியை, முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்ன போல்ட், சுண்டுவிரல் நகம் அளவுதான். நீலக்குதிரைக்காரர்கள் அதை மட்டமான இரும்பில் செய்தார்கள். மெயின்லேண்டில் அது கிடந்துவிட்டுப் போகும். அங்கே யார் அப்படி பிரேக் பிடிக்கிறார்கள்? இங்கே உப்புக் காற்று, வருஷத்தில் பாதி மழை, எந்நேரமும் பிரேக்கில் கை. உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு வந்து ஒருநாள் முறிந்துவிடும். முறிந்தால் கம்பி நழுவிச் சக்கரத்துக்குள் போகும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும், மனிதன் நிற்கமாட்டான்.

ஆரம்பத்தில் என் வண்டியிலேயே இதைப் பார்த்தேன். நெற்றியில் தழும்பு இருக்கிறது பாருங்கள். பன்னீர்செல்வத்திடம் சொன்னேன். "மெயின்லேண்ட்ல ஒரு கம்ப்ளைன்ட்கூட இல்லையே, சொக்கலிங்கம்" என்றார். மறுபடியும் சொன்னேன். உங்கள் ஊர் ரோடுக்காகக் கம்பெனி அச்சை மாற்றுமா என்று சிரித்தார்.

சரி என்று நானே ஒரு வழி செய்தேன். படகுக்குப் போடுகிற பித்தளை போல்ட் இருக்கிறதே, உப்பு அதை ஒன்றும் செய்யாது. பழைய படகு உடைக்கும் இடங்களில் வாங்கி, அளவுக்கு அறுத்து, மரை போட்டு, யாருக்கும் தெரியாதபடி கறுப்புப் பெயின்ட் பூசி மாட்டினேன். விற்ற ஒவ்வொரு வண்டியிலும் மாட்டினேன். கம்பெனி போல்ட்டைக் கழற்றி எண்ணெய் ஊற்றிய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன். பிறத்தியார் பொருளைத் தூக்கி எறியும் பழக்கம் எனக்கு இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் நீலக்குதிரை போல்ட் சரியில்லை என்று ஊர் பேசும், வியாபாரம் படுக்கும். என் மனைவி ருக்குவுக்கு மட்டும் தெரியும். "இவ்வளவு பாடுபடுறீங்க, கம்பெனிக்காரனுக்குத் தெரியவா போகுது?" என்பாள். ஜனங்கள் விழாமல் இருக்கிறார்களே, அது போதும் என்பேன். அப்போது அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

சாத்தம் மர மில்லில் சங்கு ஊதினால் போதும், நீலக்குதிரைகள் வரிசையாக வரும். பெங்காலிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், எல்லோரும் என்னை அண்ணன் முறையில் "சொக்கா பாய்" என்பார்கள். வடகோடியில் இருக்கிற திக்லிபூரிலிருந்து கப்பலில் வந்து வாங்கிப்போனவர்கள் உண்டு. நீலக்குதிரை உழைக்கும் என்று பேர் ஆகிவிட்டது.

பேர் ஆனதும் கம்பெனிக்குப் பசி எடுத்தது. ஒரே தடவையில் பெரிய சரக்காக எடுக்கச் சொன்னார்கள். பெட்டிகளை வைக்க எனக்கு இடமில்லை. காண்ட்ராக்டர் ஜம்புலிங்கத்திடம் குடோன் இருந்தது. என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன், என் வீட்டில் எத்தனையோ தடவை கை நனைத்தவன். நானே அவனைக் கூட்டிப்போய்ப் பன்னீர்செல்வத்துக்கு அறிமுகம் செய்துவைத்தேன். இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நானே செய்தேன்.

அடுத்த முறை மெட்ராஸ் கப்பல் வந்தபோது மாலையோடு ஜெட்டியில் நின்றேன். பன்னீர்செல்வம் இறங்கினார். மாலையை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார், நேராகப் போய் ஜம்புலிங்கத்தின் ஜீப்பில் ஏறினார். ஏறிக்கொண்டே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க, சொக்கலிங்கம். கம்பெனிக்கு வால்யூம் முக்கியம், ஏஜென்சியை ஜம்புலிங்கத்துக்குக் கொடுத்துட்டோம்."

ஜம்புலிங்கம் சாயங்காலம் கடைக்கு வந்தான். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "அண்ணே, நான் விக்கிறேன், நீங்க ரிப்பேர் பாருங்க. ரெண்டு பேருக்கும் பொழப்பு ஓடும்" என்றான். கழுத்தை அறுத்துவிட்டு, துடைக்கத் துணியும் கொடுக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று நான் சாப்பிடவில்லை. வாய்விட்டு அழுதேன் என்றுகூடச் சொல்வேன், அதில் வெட்கமில்லை.

அவன் விற்ற புது வண்டிகளில் கம்பெனி போல்ட்தான் இருந்தது. பெட்டியில் வந்ததை யாரோ கூலிக்காரர்கள் பூட்டினார்கள். நான் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். அவன் ஏஜென்ட், நான் ரிப்பேர்க்காரன். ரிப்பேர்க்காரன் பேச்சைக் கேட்கும் வழக்கம் அந்தக் கம்பெனிக்கு இருந்ததில்லை. சாத்தம் மில் குமாஸ்தா உதயசூரியன் தன் புது வண்டியைக் காற்றடிக்கக் கொண்டுவந்தார். போல்ட்டில் துரு கசிந்திருந்தது. காற்றடித்துக் கொடுத்தேன். காற்றடிக்கத்தானே கேட்டார். மழைக்காலம் முடிவதற்குள் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அதோடு முடிந்திருக்கும் ஐயா. ஊர் தானாகப் புரிந்துகொண்டிருக்கும். சொக்கா பாய் விற்ற வண்டி விழாது, ஜம்புலிங்கம் விற்றது விழும் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அப்போது பன்னீர்செல்வம் திரும்பவும் வந்தார். பஜாரில் பந்தல் போட்டு, ஜம்புலிங்கம் கடைக்கு முன்னால் ஒரு பழைய வண்டியை மாலை போட்டு நிறுத்தினார்கள். ஜெயமணியின் வண்டி. ஒலிபெருக்கியில் பன்னீர்செல்வம் பேசினார். இத்தனை வருஷமாக இந்தத் தங்கச்சி மின்னி பே இறக்கத்தில் இறங்குகிறார், ஒரு கீறல் இல்லை, இதுதான் நீலக்குதிரை, விழுந்தால் அது ஓட்டுகிறவர் தப்பு என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். ஜெயமணி மேடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு புது சீட் உறை கொடுத்தார்கள்.

கூட்டத்தின் கடைசியில் நின்று அந்த வண்டியின் முன் ஃபோர்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் பெயின்ட் ஓர் ஓரத்தில் உரிந்து பித்தளை மின்னியது. என் போல்ட்டுக்கு அவர்கள் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே நான் தீர்மானித்தேன், கோபத்தில் இல்லை. கம்பெனியின் பொருள் கம்பெனியிடம் போகட்டும், என் பொருள் என்னிடம் வரட்டும். அவ்வளவுதான். அதன் பிறகு நான் விற்ற பழைய வண்டி எது எண்ணெய் போட வந்தாலும், பஞ்சர் ஒட்ட வந்தாலும், பித்தளையைக் கழற்றி டப்பாவில் போட்டேன். டப்பாவிலிருந்து கம்பெனி போல்ட்டை எடுத்து, கறுப்புப் பெயின்ட் பூசி மாட்டினேன். எதையும் நான் கெடுக்கவில்லை, அறுக்கவில்லை, தளர்த்தவில்லை. ஒவ்வொரு வண்டியையும் கம்பெனி எப்படிச் செய்து அனுப்பியதோ அப்படியே ஆக்கிக் கொடுத்தேன். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன், காலையிலிருந்து புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள்.

ஜெயமணி ஓவர்ஹாலுக்கு வண்டியைக் கொண்டுவந்தாள். பந்தலில் நின்றதைப் பற்றி அவளாகவே பேசினாள். "அவங்க கூப்பிட்டாங்கண்ணே, வண்டி நல்லாருக்குன்னு சொன்னா உங்களுக்கும் பேருதானேன்னு போனேன்" என்றாள். ஆமாம்மா என்றேன். அவள் வண்டியிலிருந்து கழற்றிய பித்தளையை மட்டும் மற்றவற்றோடு போடாமல் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மழைக்காலம் போயிற்று. தினமும் என் கடையைத் தாண்டித்தான் போவாள், பெல் அடித்துவிட்டுப் போவாள். போன வாரம் நின்றாள். "அண்ணே, முன்னால என்னமோ கடகடங்குது, பாருங்களேன்." குனிந்து பார்த்தேன். போல்ட்டின் கழுத்தில் ஒரு நூல் அளவுக்குத்தான் இரும்பு மிச்சம் இருந்தது. "பெல்தாம்மா ஆடுது" என்று அதை முடுக்கிவிட்டேன். பின்னால் கேரியரில் அவள் பெண் உட்கார்ந்திருந்தது. கம்பி குத்துகிறது என்றது. ஒரு பழைய சாக்கை மடித்து மெத்தென்று கட்டிக்கொடுத்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கைதானே முறிந்திருக்கிறது, சின்ன வயது, கூடிவிடும்.

ஜெயமணி மின்னி பே இறக்கத்தின் பாதியிலேயே விழுந்தாள் என்று சொன்னார்கள். நல்ல பெண். அவள் சாவுக்கு நான் போனேன். பன்னீர்செல்வம் வரவில்லை, ஜம்புலிங்கம் ஒரு மாலை மட்டும் அனுப்பினான். அவர்கள் குணம் அதிலேயே தெரியவில்லையா?

டப்பாவை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது ருக்கு என்று எனக்குத் தெரியும். சாவு வீட்டிலிருந்து வந்தவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். இரும்பு இருந்த இடத்தில் பித்தளை இருந்தது. அதை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள். கட்டிக்கொண்டவளும் இப்படிச் செய்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்ன செய்வது, எனக்கு வாய்த்தவர்கள் எல்லோரும் அப்படி.

டப்பாவில் எத்தனை பித்தளை இருக்கிறதோ அத்தனை வண்டிகள் ஊரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கறுப்புப் பெயின்டுக்கு அடியில் இரும்பா பித்தளையா என்று வெளியே தெரியாது, அதனால் யார் யார் என்று சொல் என்கிறீர்கள். ஒவ்வொரு வண்டியும் எனக்குப் பாடம். யார் வண்டி, எந்த இறக்கம், இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது வரை சொல்வேன். நான் கேட்பது ஒன்றுதான். பன்னீர்செல்வம் கப்பலில் வந்துகொண்டிருக்கிறார். வரட்டும். அதே இடத்தில் பந்தல் போட்டு, அதே ஒலிபெருக்கியில், இந்த ஊரை இத்தனை வருஷம் விழாமல் காப்பாற்றியது நீலக்குதிரை இல்லை, சொக்கலிங்கத்தின் போல்ட் என்று அவர் வாயால் சொல்லட்டும். சொன்ன மறுநிமிஷம் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறேன். கப்பல் கொஞ்சம் தாமதமாகிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அதோ, சாத்தம் சங்கு ஊதுகிறது. இனி எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புவார்கள். வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தாதீர்கள் ஐயா, அவர்கள் போவதைப் பார்க்கவேண்டும். எல்லோரும் என்னை நம்பி வண்டி ஏறியவர்கள். எனக்கு எத்தனையோ பேர் துரோகம் செய்தார்கள். இவர்களில் ஒருவருக்கும் நான் செய்ததில்லை.