மூன்று கிலோமீட்டருக்குள்

முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே கூச்சம் உண்டு. தொலைக்காட்சி நிலையத்தில் ஒப்பனை செய்பவர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பஞ்சால் ஒற்றும்போது கண்ணை மூடிக்கொள்வேன். "சார், நெத்தி ரொம்பப் பளபளங்குது" என்பார். அறிவு வழிகிறது என்று நான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் இதே நகைச்சுவைதான். அவரும் பாவம், ஒவ்வொரு முறையும் சிரித்துவைப்பார்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். எதையும் விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறேன். அதனால் சிரித்த இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் அரசியல் துறைப் பேராசிரியர். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தேர்தல் முறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். அத்தனை ஆண்டுகளில் வகுப்புக்கு வெளியே ஒருவர்கூட என்னிடம் எதையும் கேட்டதில்லை. என் மச்சான் வக்கீல். உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம், "எங்க மாப்ளைக்கு எல்லா நாட்டு எலெக்‌ஷனும் அத்துப்படி. நம்ம வார்டுல யார் நிக்கிறாங்கன்னு மட்டும் தெரியாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்தின் ஊடகப் பிரிவு ஒரு பட்டியல் தயாரித்தது. பொதுத் தேர்தல் வருகிறது, கொள்கை விஷயங்களில் கருத்துச் சொல்ல எங்களிடம் இன்னின்ன நிபுணர்கள் இருக்கிறார்கள் என்று பத்திரிகைகளுக்கு அனுப்பும் பட்டியல். வரிக்கு ஒருவர், சுகாதாரத்துக்கு ஒருவர், வாக்குச்சாவடிகளுக்கு நான். அந்தப் பிரிவின் அலுவலர் கெட்டிக்காரப் பெண்மணி. எங்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். "ஒரு பதிலுக்கு இருபது செகண்ட் சார். 'ஆனால்'னு ஆரம்பிச்சீங்கன்னா அங்கேயே வெட்டிடுவாங்க." எங்கள் தொழிலே அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நடக்கிறது. இருந்தும் ஒரே வாரத்தில் அதைக் கைவிடப் பழகிக்கொண்டேன்.

அப்போது விவாதத்தில் இருந்த கொள்கை எளிமையானது. முந்நூறு வாக்காளர்களுக்குக் குறைவான சாவடிகளை மூடி, பக்கத்துச் சாவடியோடு சேர்த்துவிடலாமா என்பது. எங்கள் துறையில் அதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வேலையில் முக்கால்வாசியைச் செய்தவள் என் மாணவி. இருபத்தேழு வயது, தையல்காரர் மகள். எதைச் சொன்னாலும் "அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்பாள் என்பதால் துறையில் எல்லோரும் அவளை அளவுகோல் என்றே கூப்பிட்டோம். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

நேரலையில் என்னைக் கேட்டார்கள்: இதனால் மக்களுக்குச் சிரமம் வருமா? மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் தூரம் ஒரு பொருட்டே அல்ல, வாக்குப்பதிவு குறையாது, எங்கள் ஆய்வு அதைத்தான் காட்டுகிறது என்றேன். பதினாறு வினாடி. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. தேர்தல் அதிகாரிகள் தங்கள் அறிக்கையில் அதை அப்படியே எடுத்துப் போட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்குள் என்ற அளவை வைத்து நாற்பத்தொரு சாவடிகளை மூடினார்கள். அந்த வார விருந்தில் மச்சான் தன் நண்பர்களுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார். "டிவில வருவாரே, அவருதான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்தலுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அளவுகோலிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நாம் பயன்படுத்திய தூரம் வரைபடத்தில் நேர்க்கோடாக அளந்தது. மூடப்பட்ட சாவடிகளின் பட்டியலில் ஒன்பதாவது, நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். புதிய சாவடி இந்தப் பக்கம். நடுவில் தண்ணீர். சாலை வழியாகப் போனால் இருபத்தேழு கிலோமீட்டர். அதைத் திருத்திச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தாள்.

நான் கணினியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். இதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீல நிறத்தின் மேல் கோடு இழுத்து நானே அளந்தேன். இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர் என்று வந்தது. என் கணக்குச் சரி என்று எனக்கு ஒரு நிம்மதி.

அவளை அறைக்கு அழைத்தேன். மின்னஞ்சலில் பதில் எழுதவில்லை.

"பஸ் விடுவாங்கம்மா. நீ ஏன் பதறுறே?"

"விடலன்னா சார்?"

"விடலன்னா ஓட்டுப் போட வரமாட்டாங்க. அவ்வளவுதானே."

"வருவாங்க சார். மீன்பிடிப் படகு இருக்கு. போன தடவை நான் போனப்பவே பாத்தேன், பத்துப் பேர் ஏறினாலே ஆடுது."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் மாலை இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரரோடு எனக்கு விவாதம் இருந்தது. என் முடிவுகள் அவசரத்தில் செய்தவை என்று எழுதியிருந்த மனிதர். அவர் முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் இருப்பதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விவாதம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். விவாதம் நன்றாகவே போயிற்று. அதன்பின் பதினேழு நாள் இருந்தது. தினமும் தொலைபேசியை எடுப்பேன், வைத்துவிடுவேன். இப்போது அந்தப் பதினேழு நாட்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எதிலும் எனக்கு அவசர வேலை என்று ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ஊருக்குப் பஸ் விடவில்லை. காலையிலிருந்து படகு போய்ப் போய் வந்தது. மூன்று மணிக்குத் திரும்பிய நடையில் முப்பத்தொரு பேர். நடுத்தண்ணீரில் படகு கவிழ்ந்து பதினேழு பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் வாக்களித்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விரலில் மை இருந்தது.

அன்று மாலையும் என்னை அழைத்தார்கள். நான் போனேன். ஒப்பனைக்காரர் பஞ்சால் ஒற்றிவிட்டு நகர்ந்துகொண்டார். விபத்துக்கும் சாவடி மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். படகுகளின் பாதுகாப்பு வேறு துறையின் பொறுப்பு என்றேன். பிறகு, அந்த ஊரில் வாக்குப்பதிவு எண்பத்தொரு சதவீதம், சென்ற முறையைவிட இரண்டு அதிகம், ஆகவே தூரம் பற்றிய எங்கள் முடிவு பொய்க்கவில்லை என்றும் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்த எண்பத்தொன்றுக்குள் அந்தப் பதினேழு பேரும் இருந்தார்கள் என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு வைத்தது. வரைபட வேலையை யார் செய்தது என்று கேட்டார்கள். மாணவி செய்தாள், நான் அவளை நம்பினேன் என்றேன். முதல் பாதி உண்மை. அவள் அனுப்பிய அந்த மின்னஞ்சலை விசாரணைக்கு முந்தின நாளே அழித்திருந்தேன். அவளிடம், "நீ எதுவும் பேசாதே, நான் பேசிச் சரிபண்றேன், உன் பட்டம் முடியட்டும்" என்று சொல்லியிருந்தேன். அவளும் குழு முன்னால் வாயே திறக்கவில்லை. அதையே ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள். அவளுடைய ஆய்வுப் பதிவை ரத்து செய்தார்கள். பிறகு உங்கள் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்தீர்கள், அவள் பெயரில்.

ஒருநாள் அவள் அப்பா துறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவ உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலைங்க. சார் பாத்துக்குவார்னுதான் சொல்லிட்டு இருக்கா. வீட்ல குழாய் திறந்தாக்கூட எழுந்து வெளிய போயிடறா. நீங்க ஒரு தடவை வந்து பேசினா நல்லாருக்கும்."

வருகிறேன் என்றேன். போகவில்லை.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. தப்பு முழுக்க என்னுடையது. நடுவில் தண்ணீர் இருப்பது எனக்குத் தெரியும். படகு ஆடும் என்பதும் தெரியும். தெரிந்தே பேசாமல் இருந்தேன், பிறகு பேசி அவள் தலையில் கட்டினேன். அவளை வழக்கிலிருந்து விடுவியுங்கள். அவள் முகத்தில் விழிக்க எனக்குத் தகுதி இல்லை. மனசாட்சி உறுத்தித்தான் வந்தேன், யாரும் என்னை இழுத்து வரவில்லை.

அந்த மின்னஞ்சலின் நகலை அவள் நேற்றுக் காலை உங்களிடம் ஒப்படைத்துவிட்டதாக மச்சான் சொன்னார். அதற்கும் நான் இன்று வந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் பேனாவை மூடுமுன் இந்த ஒரு வரியை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: அவள் கொடுக்காமல் இருந்திருந்தாலும் நான் வந்திருப்பேன்.