எண்டர் தட்டுனா வர்ற பேரு

செருப்ப வெளியவே வுட்டுட்டு வாங்க சார். கம்ப்யூட்டருக்கு தூசி ஆவாதுன்னு அந்த ஆளு போட்ட சட்டம், அப்பிடியே நின்னுபோச்சி. சட்டத்துக்கு மட்டும் கொறச்சலே இல்ல. குந்துங்க. அய்ய, அந்த சேரு ஆடும், இதுல குந்துங்க.

ஆமா, இதான் மிஷினு. மாத்துனதயெல்லாம் எடுத்துட்டு, வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே ஆக்கறதுக்குதான வந்துக்கிறீங்க? எங்க கூட்டுறவு சங்கத்து செக்ரட்டரி சொன்னாரு. கணக்கெல்லாம் பிளாப்பி டிஸ்குல ஏத்தி பத்திரமா வெச்சிட்டேன். இருங்க, இன்னும் கைய வெக்காதீங்க. டீ சொல்லிக்கீது, குடிச்சிட்டு பண்ணலாம்.

மெட்ராஸ்லருந்து எறக்குன அன்னிக்கி உங்காளு ஒருத்தரு வந்து மாட்டிக் குடுத்துட்டு, எல்லாம் சரியா கீது, இப்பிடியே ஓட்டுங்கன்னுதான் சொல்லிட்டு போனாராம். நல்லாதான் ஓடிச்சாம். அதுக்கப்பறம்தான் அந்த ஆளு கைய வெச்சிது.

யாரா? அதான் சார், இங்க ஆபரேட்டரா இருந்துச்சே. தோ, பச்சையா மின்னுது பாருங்க, ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு பேரு. நீங்களே படிச்சிக்குங்க. ஆங், அதேதான். மத்த ஆபீஸ்ல எல்லாம் அந்த எடத்துல வெறும் சீன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்துதான் நிக்குமாமே? இங்க பாருங்க, சத்திரம் கட்டுன ஜமீன்தாரு மாதிரி தன் பேர செதுக்கி வெச்சிக்கீது. எண்டர் தட்டுனா பேரு. மறுபடி தட்டுனா மறுபடியும் பேரு. த்தூ, இன்னா பெருமையோ!

நானா? நான் டைப்பிஸ்ட்டு சார். இந்த தை மாசம்தான் வந்தேன். அதுக்கு முந்தி நடந்தது எப்பிடி தெரியும்னா, இந்த மலைல யார் ஊட்டு கதை யாருக்கு தெரியாது?

இந்த கூத்த கேளுங்க. காலைல மிஷின போட்டா, இன்னிக்கி தேதி இன்னா, மணி இன்னான்னு கேக்குமாம். நாமதான் சொல்லணுமாம். மனுசனா பொறந்தவன் சொல்லிட்டு போவான். இந்த ஆளுக்கு பொறுக்கல. தெனமும் எதுக்கு கேள்வி, டைம் வேஸ்ட்டுன்னு அந்த கேள்வியவே எடுத்துடுச்சி. மிஷினு இன்னா பண்ணும் பாவம்? யாரும் சொல்லலன்னா அதுக்கு தெரிஞ்சது ஒரே தேதிதான், எம்பதாம் வருசம் ஜனவரி ஒண்ணு. கேள்விய எடுத்த அந்த வருசம் மலைல உலுக்குன புளி மொத்தமும் அந்த ஒரே நாள்ல சங்கத்துக்கு வந்துதுன்னு பில்லு! சின்னராசுன்னு ஒருத்தரு பில்ல தூக்கினு வந்து, ஏம்ப்பா, அப்ப எனுக்கு மீசையே மொளைக்கல, நான் எங்கடா புளி போட்டேன்னு சண்ட. ஆடிட்டரு வயித்த புடிச்சினு சிரிச்சாராம். அந்த ஆளு மட்டும் சிரிக்கலயாம். அர நிமிசம் மிச்சம் பண்ணேனே, அத ஒருத்தரும் சொல்ல மாட்றீங்களேன்னுச்சாம்.

அதோட வுட்டுச்சா? டிஸ்குல எழுதுனா லேட்டாவுது, எல்லாத்தையும் மிஷினு ஞாபகத்துலயே வெச்சிக்கினா பறக்கும்னு இன்னொரு வேல. பறந்துச்சாம் சார், அத ஒத்துக்கணும். ஒரு மத்தியானம் மழ வந்துச்சி, கரண்டு போச்சி. காலைலருந்து ஏத்துன தேன் கணக்கு பூராவும் நாஸ்தி. கரண்டு இருக்கற வரைக்கும்தான் அந்த ஞாபகமாம். ஜவ்வாது மலைல குந்திக்கினு கரண்ட நம்புது பாருங்க, அந்த அறிவ இன்னான்னு சொல்றது! நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க.

சிரிக்காதீங்க. இதெல்லாம் கூட பரவால்ல. வூட்டுக்கு வந்தாலும் வாயில இதே பேச்சுதான். பஃபரு, பைலு, ரெண்டு செகண்டு, மூணு செகண்டு. சோத்துல கைய வெச்சிக்கினு செவுத்தயே பாத்துக்கினு இருக்கும். கொழம்பு ஆறிப் போவும். வேணும்னே ஒரு நாளு உப்பு போடாம வெச்சேன், பேஜார் புடிச்ச ஆளு, அது கூட தெரியாம தின்னுட்டு எழுந்து போச்சி.

ஆமா, நான்தான் வெச்சேன். வேற யாரு வெப்பாங்க?

சொல்லலயா நானு? சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்.

வாரிசு வேல சார் இது. நீங்க குந்திக்கிறீங்களே, அது அந்த ஆளு சேருதான். அய்ய, எழுந்துக்காதீங்க, குந்துங்க. தோ, டீயும் வந்துடுச்சி.

கண்ணு மஞ்சளா கீதே, ஒடுகத்தூர் போயி டாக்டர பாக்கலாம் வான்னு தலபாடா அடிச்சிக்கினேன். நாளைக்கி போலாம் வசந்தி, மிஷினு கெளம்பறதுக்கு இன்னும் ரெண்டு செகண்டு கொறைக்கணும்னுச்சி. மறுநாளும் நாளைக்கிதான். மிஷினுக்கு அவ்ளோ அவசரம் கத்துக் குடுத்த ஆளு, தன் ஒடம்புக்கு மட்டும் நாளைக்கி, நாளைக்கின்னுச்சி. கடசில மலையிறங்கற பஸ்லயே என் மடில நெனவு தப்பிச்சி. எனுக்கு வயிறு எரியுது சார். அர நிமிசம், கா நிமிசம்னு மிச்சம் புடிச்சி வெச்சிட்டு போச்சே, அத நான் இன்னா பண்றது? உப்பு போட்டா திங்கறது?

நீங்க எதுக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு? வேலய பாருங்க. எடுத்துடுங்க எல்லாத்தையும். தேதி கேக்கட்டும், மணி கேக்கட்டும், நான் சொல்லிக்கிறேன். மெதுவாவே கெளம்பட்டும். எனுக்கு ஒரு அவசரமும் இல்ல.

அந்த பேரு வர்ற வரி மட்டும் வுட்டுடுங்க.

எல்லா ஆபீஸும் ஒரே மாதிரி இருக்கணும்னுதான் ஆர்டரு, தெரியும். இந்த மலைக்கு ஏறி வந்து எவன் பாக்கப் போறான்? ஒரே ஒரு வரி சார். கால்ல வேணா வுழறேன்.

அந்த பேர பேப்பர்ல எழுதிக் குடுக்கறீங்களா? வேணாம் சார், அது ஆவாது. கட்டுன ஆளு பேர வாயால சொல்ற வழக்கம் எங்க பக்கம் இல்ல. இருக்கும்போதும் ஏங்கன்னுதான் கூப்புட்டேன். பாடைல தூக்கும்போது கூட பேர சொல்லிக் கத்த வாய் வரல. இப்ப தெனமும் ஒம்போதுக்கெல்லாம் வந்துடுவேன். ஆபீஸ் தொறந்து ஆளுங்க வர்றதுக்குள்ள மிஷின போட்டுட்டு, சும்மா எண்டர தட்டிக்கினு குந்தினு இருப்பேன். நான் தட்ட தட்ட அது கூப்புடும்.

டீ ஆறுது, குடிங்க சார்.