டாக்டரை விடு, சாக்கடையை எழுது

"டாக்டருங்க பேரை விடுடி, சாக்கடையை எழுது."

காலாப்பட்டிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். நோட்டு வைத்திருந்தவளுக்கு அன்று மருத்துவ வரலாறு அரியர் பரீட்சை.

"பன்னெண்டு டாக்டரு, வருஷத்தோட மனப்பாடம்டி!"

"மாடல் டெஸ்ட்லயும் அதான் எழுதுன. மிஸ் ஓரத்துல என்ன எழுதுனாங்க?"

"'அதனால் என்ன?'ன்னு. எல்லாப் பக்கத்துலயும்."

"அதுக்குப் பதில் சொல்லு. தண்ணில கிருமி இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால என்ன?"

அவள் யோசித்தாள். "சாக்கடையைக் குடிதண்ணில கலக்காம பிரிச்சாங்க, நல்ல தண்ணி குடுத்தாங்க. அதனால... நல்ல மருந்து வர்றதுக்கு முன்னாடியே காலரா குறைஞ்சுது!"

"இதை எழுது, பாஸுடி."

நோட்டை மூடிவிட்டாள். நிறுத்தம் வந்ததும் தோழிதான் பதறினாள்.

"அடியே, பரீட்சைக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு!"

"அதனால என்ன?" என்று சிரித்தபடி இறங்கினாள்.