கீழேயிருந்து அடித்த வெயில்

— நாளைக்கு விசாரணையில மாமா அதிகமா பேச வேண்டாம்க்கா. பஸ் ஓட்டின களைப்புல கண்ணசந்துட்டேன்னு ஒரே வரி, போதும். பாவம் பாத்து லைசென்ஸை விட்டுவெச்சுடுவாங்க.

— முன்சீட்டுல இருந்த ஒரு அம்மா செத்துப்போயிருக்காங்கடா. தூங்கினேன்னு சொல்ற டிரைவருக்கு லைசென்ஸை விட்டுவைப்பாங்களா? யார் காதுல பூ சுத்தற?

— பின்ன வேற என்ன சொல்றது? பிரேக் நல்லா இருந்துச்சு, ரோடும் காலி. பஸ் நேராப் போய் பாலத்துச் சுவர்ல மோதியிருக்கு.

— உன் சோலார் பேனல்தான் அவர் கண்ணைக் கூச வெச்சிருக்கு. மேடு ஏறி இறங்கினதும் எதிர்ல பூராவும் நீ வேலை பாக்கற சோலார் பண்ணைதானே.

— ஆரம்பிச்சிட்டியா. சாயங்காலம் மேற்க பாத்து வண்டி ஓட்டினா சூரியன்தான் கூசும். அதுக்கு என் பேனல் என்ன பண்ணும்?

— சூரியனை மறைக்கத்தான் கண்ணாடிக்கு மேல இருக்கற தட்டியை இறக்கி விட்டிருந்தாரே. இது கீழேயிருந்து அடிச்சிருக்கு. கீழேயிருந்து வர்ற வெயிலை எந்த டிரைவர்டா மறைக்க முடியும்?

— உனக்கு இந்த வேலை புரியாதுக்கா. அது சூரியன் போற பக்கமெல்லாம் தானாத் திரும்பற பேனல்.

— நல்லாவே புரியும். சம்பளம் ஏறின அன்னைக்கு இதே நாற்காலியில உக்காந்து நீதானே சொன்ன? சாயங்காலம் முன்வரிசை நிழல் பின்வரிசை மேல விழுதுன்னு எல்லாத்தையும் தட்டையாப் படுக்க வெச்சேன், அடியில வெள்ளைக் கல்லைக் கொட்டி, அதுல பட்டு எழும்பற வெளிச்சத்துல பேனலோட முதுகுப் பக்கமும் கரண்ட் எடுத்தேன்னு. அன்னைக்கு உனக்கு வாயெல்லாம் பல்லு.

— படுக்க வெச்சா அது வானத்தைத்தானே பாக்கும்? ரோட்டுக்கு எப்படி வெளிச்சம் வரும்?

— ஏரித் தண்ணியும் வானத்தைத்தான் பாக்குது. பொழுது சாயறப்ப எதிர்க்கரையில நிக்கறவனுக்குக் கண்ணு கூசலையா? படிச்சவன் கேக்கற கேள்வியா இது?

— நீ என்ன வேணா சொல்லு. கண்ணை மூடிட்டேன்னு ஆஸ்பத்திரியில மாமாவே என்கிட்ட சொன்னாரு.

— ஏங்க, உள்ளே படுத்துக்கிட்டு கேட்டுட்டுதானே இருக்கீங்க? நீங்களே உங்க மச்சானுக்குச் சொல்லுங்க.

— கண்ணை மூடினது நெசம்தான்மா. வெள்ளையா ஏதோ மூஞ்சியில அடிச்சாப்புல இருந்துச்சு, மூடிட்டேன். அது தூக்கம்தான் மாமா, தூக்கம்தான் மாமான்னு மச்சான் தினமும் வந்து சொல்லிட்டே இருந்தான். இப்ப எது நெசம்னு எனக்கே தெரியல. நான்தான் அந்தம்மாவைக் கொன்னுட்டேன் போல. அவனை விடு, நம்ம வீட்டுப் பிள்ளை.

— கேட்டியாடா? ராத்திரியில இப்படித்தான் அழறாரு. முழங்கால் வரைக்கும் கட்டுப் போட்டுக்கிட்டு, குழந்தை மாதிரி.

— எனக்கு மட்டும் வயிறு எரியலையா? ஆனா என் வேலையில ஒரு தப்பும் இல்லக்கா. பேனலால எதுவும் நடக்கல. அடிச்சு சொல்றேன்.

— அடிச்சே சொல்லு. விபத்து நடந்த மறுநாள் சாயங்காலம் நான் அந்த மேட்டுல போய் நின்னேன். நேத்து வரைக்கும் தினமும் போய் நிக்கறேன். ஒரு பேனல்கூட படுக்கல. எல்லாம் மேற்க பாத்து சாய்ஞ்சபடியே நிக்குது, துளிகூடக் கண்ணு கூசல. பேனலால எதுவும் நடக்கலைன்னா, ராத்திரியோட ராத்திரியா எதுக்குடா மாத்தின?