இரண்டு பேரும் ஃப்ரீ பண்ணிய மெமரி

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். காயல்பட்டினத்தில் ஏறிய தோழி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆத்தூர் பாலம் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஏறியவள்தான் கேட்டாள்.

"ஏளா, நம்ம புரோகிராம்ல மெமரிய ஃப்ரீ பண்ணுனது நீயா?"

"ஆமா. கம்ப்யூட்டர்ட்ட கேட்டு வாங்குன மெமரிய நீ திருப்பிக் குடுக்கலன்னு லேப்ல எல்லார் முன்னாலயும் ஒன்னைய ஏசிட்டேன்லா. மனசு கேக்கல. அதான் நானே ஒரு வரி எழுதி ஃப்ரீ பண்ணிட்டேன்."

"அட கிறுக்கி! நீ ஏசுனதுல நானும் ஃப்ரீ பண்ணிட்டேன்."

"அதான் காலைல ஓட்டுனா புரோகிராம் பாதில விழுதா! ஒரே மெமரிய ரெண்டு தடவ குடுத்தா விழத்தான செய்யும்."

"இன்னைக்கு சார்ட்ட ஓட்டிக் காட்டணுமே."

"ஒரு வரியத்தான எடுக்கணும். ஒன்னோடது இருக்கட்டும், என்னோடத எடுத்துருதேன்."

"வேண்டாம்ளா, என்னோடத எடுக்கேன்."

"ரெண்டு பேரும் எடுத்துட்டா மறுபடியும் மெமரி திரும்பாது. மறுபடியும் சண்டதான்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காயல்பட்டினத்துப் பெண் லேப்டாப்பைத் திறந்து, பாதி தன் மடியிலும் பாதி தோழி மடியிலுமாக வைத்தாள். பழையகாயல் தாண்டும்வரை இருவர் தலையும் அதன்மேல் கவிழ்ந்திருந்தன.

"ஓடிட்டுளா! விழல."

"ஃப்ரீ பண்ணப்போறேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா நீ?" என்றாள் காயல்பட்டினத்துப் பெண்.

"ரெண்டு நாளா நீதான் பேசவே இல்லியே. யார்ட்ட சொல்ல?"